டார்ச்சைத் தட்டி எரியவைப்பதும் வேறு சில தவறுகளும்

டார்ச் எரியவில்லை என்றால் உள்ளங்கையில் நாலு தட்டு தட்டுவதுதான் நம் முதல் வைத்தியம். சில நேரம் எரிந்தும் விடும், வம்பே அங்குதான். தட்டியதும் எரிகிறது என்றால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, இல்லையேல் களிம்பு ஏறியிருக்கிறது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று புதிதாக வாங்கிப் போடுவது வீண் செலவு.

உலோக டார்ச்சுகள் பலவற்றில் உடம்புக் குழாயே மின்சாரம் போகும் வழி. பின்மூடியின் மரையிலும் குழாயின் விளிம்பிலும் அழுக்கு சேர்ந்தால் அந்த வழி அடைபடும். முதலில் அதைத் துணியால் துடையுங்கள். அப்படியும் எரியவில்லையா? ஏஏ பேட்டரி போடும் டார்ச் என்றால் மூடியைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையையும் விளிம்பில் தெரியும் வெற்று உலோகத்தையும் ஒரு சின்ன வயரால் தொடுங்கள். எரிந்தால் கோளாறு மூடியில், அதாவது ஸ்விட்சிலோ ஸ்பிரிங்கிலோ. நல்ல பேட்டரி போட்டும் எரியாவிட்டால் தலைப்பக்கம் பார்க்க வேண்டும்.

பேட்டரியை உள்ளேயே மாதக்கணக்கில் விட்டுவிடுவதுதான் டார்ச்சுக்கு எமன். அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதன் மிச்சம். காரத்துக்குச் சமையல் சோடா உதவாது. பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, அப்புறம் ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விட்டால் ஸ்பிரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றும் சிக்கனமும் இதே கதியில்தான் முடியும். பழைய பேட்டரி முதலில் தீர்ந்துபோக, மற்ற இரண்டும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே வாயு சேர்ந்து கசியும். மாற்றினால் மொத்தமாக மாற்றுங்கள், ஒரே வகையாக.

14500 லித்தியம் பேட்டரி பார்ப்பதற்கு ஏஏ மாதிரியே இருக்கும். ஆனால் 1.5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 3.7 வோல்ட், டார்ச் தாங்கும் என்று அதன் குறிப்பில் இல்லாவிட்டால் போடாதீர்கள்.

லெட் ஆசிட் பேட்டரி உள்ள சார்ஜ் டார்ச்சைத் தீர்ந்த நிலையில் பரணில் போட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் சார்ஜ் ஏறாது. பயன்படுத்தாவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு வையுங்கள்.

கண்ணாடியைத் தாராளமாகத் துடைக்கலாம். உள்ளே பளபளக்கும் கிண்ணத்தை மட்டும் தொடாதீர்கள், அந்தப் பூச்சு மிக மெல்லியது. தூசு இருந்தால் ஊதிவிட்டால் போதும்.