அன்றாடப் பாகுபாட்டை அடையாளம் காண்பதில் நாம் செய்யும் தவறுகள்: காவிரிப் படுகையிலிருந்து சில குறிப்புகள்

காவிரிப் படுகைக் கிராமம் ஒன்றில் உட்கார்ந்து சாதி, ஏற்றத்தாழ்வு என்று பேச்செடுத்தால், "அதெல்லாம் அந்தக் காலம், இப்போது யார் பார்க்கிறார்கள்" என்ற பதில்தான் முதலில் வரும். மன்னார்குடிப் பக்கத்தில், நிலமுள்ள இடைநிலைச் சாதியினர் வாழும் குடியானத் தெருவில் வளர்ந்த நானும் இந்தப் பதிலைப் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். இதைச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் தேடுகிற இடத்தில் அது உண்மையிலேயே இல்லை. இருக்கிற இடத்தில் அவர்கள் தேடுவதில்லை. அந்தத் தேடலில் நேரும் தவறுகளையே இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, கொடுமையை மட்டுமே பாகுபாடு என்று எண்ணிக்கொள்வது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக, தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இந்த மண்ணில் ஏற்றத்தாழ்வைப் பற்றி யார் எழுதினாலும் அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் வெண்மணியையே அளவுகோலாக வைத்துக்கொண்டால், அதைவிடச் சிறியவை எல்லாம் ஒன்றுமில்லாதவையாகத் தோன்றிவிடுகின்றன. அந்தத் தீயோ திடீரென்று மூண்டதில்லை. பண்ணையாளைச் சவுக்கால் அடிப்பதும் சாணிப்பாலைக் குடிக்க வைப்பதும் மிராசுதாரின் இயல்பான உரிமையாகக் கருதப்பட்ட பல தலைமுறைகள் அதற்கு முன்னே இருந்தன. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் 1940களில் தொழிலாளர்களைத் திரட்டி அவற்றை எதிர்த்தபோது, அவர்கள் முதலில் உடைக்க வேண்டியிருந்தது, "இதெல்லாம் எப்போதும் இருப்பதுதானே" என்ற அன்றாட ஒப்புதலைத்தான்.

வெண்மணி வழக்கிலேயே நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரும் நிலமும் வசதியும் உடையவர்கள் தாங்களே நேரில் நடந்து சென்று தீ வைத்தார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. மரியாதைக்குரியவர் என்ற தோற்றமே ஒருவருக்குச் சாட்சியாக நின்றுவிடும் இந்த மனப்போக்கு நீதிமன்றத்தோடு முடிவதில்லை. வீட்டில் ஒரு தோடு காணாமல் போனால் யார் நினைவு முதலில் வருகிறது, களத்தில் நெல் அளவு குறைந்தால் யாருடைய மடியைப் பார்க்கிறார்கள், கணக்கில் வேறுபாடு வந்தால் யாருடைய சொல் சாட்சியில்லாமல் ஏற்கப்படுகிறது என்று கவனித்தால் போதும். சிலருடைய சொல் பிறக்கும்போதே உண்மையாகப் பிறக்கிறது. சிலருடைய சொல்லுக்கு எப்போதும் இன்னொருவர் வந்து கையெழுத்திட வேண்டியிருக்கிறது.

அடுத்த தவறு, நோக்கத்தைத் தேடுவது. "அவர் மனதில் ஒன்றும் இல்லை" என்று சொல்லி ஒரு செயலை மன்னித்துவிடுகிறோம். பெரும்பாலான நேரங்களில் அவர் மனதில் ஒன்றும் இருப்பதில்லை என்பதும் உண்மைதான். பாகுபாடு பழக்கமாகிவிட்ட பிறகு அதற்கு வெறுப்பு என்ற எரிபொருள் தேவைப்படுவதில்லை. தமிழில் இதைக் காண்பதற்கு மிக எளிய இடம் விளிச்சொல். எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போகும் பையன்கூட, தன் தாத்தா வயதுள்ள ஒருவரைப் பெயர் சொல்லி, "வா", "போ" என்று ஒருமையில் அழைப்பான். அதே பையன் தன் தெருக்காரர் என்றால் இருபது வயதுக்காரரையும் "அண்ணே, வாங்க" என்பான். அவனுக்கு யாரும் இதை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. பால் குடிக்கும் வயதிலிருந்து காதில் விழுந்த இலக்கணம் அது. எதிர்த்திசையில், வயது முதிர்ந்த தொழிலாளி நிலக்காரரை ஒரு காலத்தில் "ஆண்டே" என்றார். இப்போது "ஐயா" என்கிறார். சொல் மாறியிருக்கிறது, பன்மை இன்னும் ஒரே திசையில்தான் போகிறது. "வயதானவர், பாசமாகத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பாசத்தோடு அவர் நம் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா என்று நினைத்துப் பார்க்க வேண்டும். மரியாதை ஒருவழிப் பாதையாக இருக்கும் இடமெல்லாம் அதிகாரம் இருக்கிறது.

இதற்கு மிக அருகில் இருப்பது, தயவைச் சமத்துவம் என்று எண்ணிவிடும் தவறு. தீபாவளிக்கு வேட்டி சேலை எடுத்துக் கொடுப்பது, பெண்ணின் கல்யாணத்துக்கு இரண்டு மூட்டை நெல் அனுப்புவது, உடம்புக்கு முடியாதபோது காரில் தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது ஆகியவற்றைப் பல குடும்பங்கள் மனமாரச் செய்கின்றன. அவற்றை நான் இழிவாகச் சொல்லவில்லை. என் தாத்தாவும் செய்தார். ஆனால் பெறுபவர் அதை மறுக்க முடியுமா, அடுத்த நாள் நடவுக்கு வேறொருவர் வயலுக்குப் போக முடியுமா, கூலி பாக்கியைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்தாமல் கேட்க முடியுமா என்ற கேள்விகளையும் கூடவே கேட்க வேண்டும். "எவ்வளவோ செய்திருக்கிறோம், நன்றி இல்லை" என்ற பேச்சு எழும் நேரத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் மறுபக்கத்திலிருந்து ஓர் உரிமை கேட்கப்பட்ட மறுநாள்தான் அது எழுகிறது.

மௌனத்தைச் சம்மதமாகப் படிப்பதுதான் என் கண்ணில் மிகப் பெரிய தவறு. "நாங்கள் உள்ளே வரச் சொல்கிறோம், அவர்தான் வாசலோடு நின்றுவிடுகிறார்", "நாற்காலி போட்டாலும் திண்ணையோரம் குத்துக்காலிட்டுத்தான் உட்காருவார்" என்பவை படுகையின் வீடுகளில் அன்றாடம் கேட்கும் சொற்கள். வாசலில் நிற்பவருக்கு அந்த அழைப்பின் எல்லை தெரியும். இன்று உள்ளே வரச் சொன்னவர் நாளை விருந்தாளிகள் முன்னால் என்ன செய்வார், மூத்தவர்கள் வீட்டில் இல்லாத நேரத்து அழைப்புக்கும் இருக்கும் நேரத்து அழைப்புக்கும் என்ன வேறுபாடு என்பதையெல்லாம் அவர் தம் தகப்பனாரின் அனுபவத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு வைத்திருக்கிறார். வாசலில் நிற்பது கூச்சமோ விருப்பமோ அல்ல, பாதுகாப்பு. அவர் வராததை அவருடைய இயல்பாக எழுதிவிடும்போது, அவரை அங்கே நிறுத்தியது எது என்ற கேள்வி நம் வீட்டுப்படியிலேயே அணைந்துவிடுகிறது.

ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். ஒற்றை அடையாளத்தை வைத்துத் தீர்ப்பெழுதுவதும் தவறுதான். தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையை எதிர்த்து நீண்ட போராட்டங்கள் நடந்தன. இன்று பல கடைகளில் காகிதக் குவளை வந்திருக்கிறது. எல்லோருக்கும் காகிதக் குவளை என்றால் அதில் சொல்ல ஒன்றுமில்லை. சிலருக்குக் கண்ணாடிக் குவளையும் சிலருக்குக் கேட்காமலேயே காகிதக் குவளையும் கைமாறினால், பழைய முறை புதிய பொருளில் வந்திருக்கிறது. ஒரு நாள் பார்த்துவிட்டு இரண்டில் எது என்று சொல்ல முடியாது. ஒரு வாரம் அதே பெஞ்சில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

நாம் பயன்படுத்தும் பொதுச் சொற்களையும் சந்தேகிக்க வேண்டும். "ஊர் கூடி முடிவெடுத்தது" என்கிறோம். அந்த ஊரில் எத்தனை தெருக்கள் அடக்கம்? தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது, மண்டகப்படி யாருக்கு உண்டு, திருவிழா வரி யாரிடம் வாங்கப்படுவதே இல்லை என்பவை அதற்கு விடை சொல்லும். வரி கேட்காமல் விடுவது சலுகை அல்ல. வரி கொடுத்தவருக்குக் கூட்டத்தில் பேச உரிமை உண்டு என்பதால்தான் சிலரிடம் அது கேட்கப்படுவதில்லை. "காலனி" என்ற சொல்லும் அப்படித்தான். நகரத்தில் அது வெறும் குடியிருப்பு, கிராமத்தில் அதைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல் நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்ததற்கு இதுவே காரணம்.

"விவசாயி" என்ற சொல் இன்னும் நுட்பமானது. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுமா என்று படுகையே காத்திருக்கும்போது, செய்திகளில் வரும் விவசாயி நிலம் வைத்திருப்பவர். சேற்றில் இறங்கி நடுபவரும் களை எடுப்பவரும் கதிர் அறுப்பவரும் "கூலியாட்கள்". தண்ணீர் வராவிட்டால் இருவருக்கும் இழப்பு. ஒருவருடைய இழப்பு ஏக்கர் கணக்கில் எழுதப்படுகிறது. இன்னொருவர் இழந்த வேலை நாட்களை எழுதுவதற்கு அந்தப் பதிவேட்டில் பத்தியே இல்லை. இடையில் இருக்கும் வாய்மொழிக் குத்தகைதாரரின் நிலையும் ஏறக்குறைய அதுவே. விதை, உரம், கடன் எல்லாம் அவருடையவை. சிட்டாவும் அடங்கலும் வேறொருவர் பெயரில் இருப்பதால், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடுவதற்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அவர் நில உரிமையாளரின் தயவை நாட வேண்டியிருக்கிறது.

இழப்பை உடைமையால் அளக்கும் இந்தப் பழக்கத்தைப் பேரிடர்கள் வெளிச்சமாக்கின. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். படகும் வலையும் இழந்தவர்களின் துயரம் உடனே கண்ணில் பட்டது, படவும் வேண்டும். ஆனால் மீன் சுமந்தும் கரையோரக் கூலி வேலைகள் செய்தும் பிழைத்த தலித் குடும்பங்களுக்கு இழந்ததாகக் காட்டப் படகு இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்தபோதும், மரத்தை எண்ண முடிந்தது. தேங்காய் பறித்தும் உரித்தும் கீற்று முடைந்தும் வாழ்ந்தவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இழக்கப்போகும் வேலையை எண்ண முடியவில்லை. நிவாரணப் பட்டியலைத் தயாரித்தவர்களிடம் வெறுப்பைத் தேடிப் பயனில்லை. எதை எண்ணுவது என்ற கேள்விக்குள்ளேயே பாகுபாடு உட்கார்ந்திருந்தது.

சாதியை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுவதும் உண்டு. நடவும் களையும் பெரும்பாலும் பெண்களின் வேலை. நாற்றுப் பறிப்பதும் வரப்பு வெட்டுவதும் ஆண்களுடையவை. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. இருந்தும் "ஆள் கூலி" வேறு, "பெண்ணாள் கூலி" வேறு என்பது பேச்சிலேயே நிலைத்திருக்கிறது. "ஆண்களுக்குக் கடினமான வேலை" என்பது வழக்கமான விளக்கம். மண்வெட்டி பிடிப்பது கடினம் என்றும், முழங்கால் சேற்றில் நாள் முழுவதும் குனிந்து நிற்பது கடினமல்ல என்றும் முடிவு செய்தவர் யார்? நிலம் உள்ள வீடுகளில் இதே கதை வேறு வடிவத்தில் நடக்கிறது. 1989 முதல் தமிழ்நாட்டில் மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு. ஆனாலும் "சீர் செய்தாயிற்றே" என்ற ஒரு சொல்லில் அக்கா தங்கைகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். கையெழுத்திடாதவள் பிறந்த வீட்டை இழக்கிறாள். அது சுதந்திரமான கையெழுத்தா என்று பத்திரம் சொல்லாது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கிய 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகும், பலகையில் மனைவியின் பெயரும் பேச்சில் கணவரின் குரலும் இருக்கும் ஊராட்சிகள் உண்டு. பதவியைக் கண்டவுடன் அதிகாரம் வந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. காசோலையில் கையெழுத்திடுபவருக்கும் என்ன தொகை என்று தீர்மானிப்பவருக்கும் இடையே உள்ள தொலைவை அளக்க வேண்டும்.

எப்போதும் மேலே மட்டும் கைநீட்டுவது என் தெருவின் தவறு. அக்ரஹாரத்து ஆதிக்கத்தைப் பற்றி எங்கள் பெரியவர்கள் உணர்ச்சியோடு பேசுவார்கள், அதில் நியாயமும் இருந்தது. அக்ரஹாரத்துக்காரர்கள் பலர் நிலத்தை விற்றுவிட்டு நகரங்களுக்குப் போனார்கள். அந்த நிலங்கள் பல எங்கள் தெருவுக்கு வந்தன. நிலத்தோடு கொல்லைப்புற வழியும் தனித் தட்டும் சேர்ந்தே வந்ததை யாரும் பேசவில்லை.

கடைசியாக, கண்டுபிடித்த பிறகு செய்யும் தவறு ஒன்று இருக்கிறது, அதில் நல்ல எண்ணம் உடையவர்களே மிகுதியாக விழுகிறார்கள். பாதிக்கப்பட்டவரிடம் போய், "நீங்கள் ஏன் புகார் கொடுக்கவில்லை? சட்டம் இருக்கிறதே" என்று கேட்கிறார்கள். சட்டம் இருக்கிறது. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் கூறு ஒழித்தது. பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது, 2015இல் வலுப்படுத்தப்பட்டது. ஆனால் பொதுப் பார்வையில் இழிவுபடுத்தியதற்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அதே தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள். புகார் கொடுத்தவர் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியது அதே தெருக்காரர்களின் வயலுக்கு. எனவே துணிவைக் கேட்பதற்கு முன், அவர் எதை இழக்க நேரும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே முதல் வேலை. நிலக்காரரின் இடத்தில் குடிசை போட்டிருந்த தொழிலாளி வாய் திறந்தால் வீட்டையே இழப்பார் என்ற நிலை இருந்ததனால்தான், தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல் கொண்டுவரப்பட்டது. இன்றும் ஒருவர் தமக்கு நேர்ந்ததைத் தாழ்ந்த குரலில் சொல்லும்போது, கோபப்படுவதற்கு முன் நான் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்விகள் மூன்று: உங்கள் மனைப் பட்டா யார் பெயரில் இருக்கிறது, இந்தப் பருவத்துக்கு முன்பணம் யாரிடம் வாங்கியிருக்கிறீர்கள், நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள்.