கினோவாவுக்கு அரிசிக் கணக்கு ஒத்து வராது

முதல் தடவை எலக்ட்ரிக் பிரஷர் குக்கரில் கினோவா வைத்தபோது என் கைக்கு வந்தது அரிசிக் கணக்குதான். ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், எட்டு நிமிஷம் பிரஷர். மூடியைத் திறந்தால் கஞ்சிக்கும் களிக்கும் நடுவில் ஏதோ ஒன்று. உப்புமா என்று பெயர் வைத்து அன்றைக்குச் சமாளித்தேன்.

கினோவா அரிசி மாதிரி புல்லினத் தானியமே இல்லை. பெரு, பொலிவியா பக்கத்து ஆண்டிஸ் மலைகளில் காலங்காலமாக விளையும் செடியின் விதை அது. பாலக்கீரைக்கும் பீட்ரூட்டுக்கும்தான் சொந்தம். அதன் மேல்தோலில் சபோனின் இருக்கிறது. பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கிற அதே வகைச் சரக்கு. கழுவாமல் போட்டால் கசக்கும், நுரையும் பொங்கும். அரிசி களைகிற மாதிரி சாய்த்து ஊற்றினால் பாதி விதை தண்ணீரோடு போய்விடும். கண் நெருக்கமான வடிகட்டியிலோ மெல்லிய துணியிலோ கொட்டி, குழாயடியில் நுரை நிற்கும்வரை விரலால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நன்றாக வடியவிடுங்கள். ஒட்டியிருக்கும் ஈரமும் தண்ணீர்க் கணக்கில் சேரும்.

தண்ணீர் 1 கப்புக்கு 1 கப். மெத்தென்று வேண்டுமானால் 1¼. பாக்கெட்டில் 2 கப் என்று போட்டிருப்பது அடுப்பில் சாதாரணப் பாத்திரத்தில் வேகவைப்பதற்கு. அங்கே ஒரு பகுதி ஆவியாகப் போகும், பூட்டிய குக்கரில் அப்படிப் போக வழியில்லை.

நேரம் 1 நிமிஷம். விசில் எண்ணிப் பழகியவர்களுக்கு இதை நம்பவே மனசு வராது, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஐந்து வைப்பார்கள். ஆனால் பிரஷர் ஏறவே எட்டு, பத்து நிமிஷம் ஆகும். அடங்க இன்னொரு பத்து. அந்த நேரமெல்லாம் உள்ளே அது வெந்துகொண்டுதான் இருக்கிறது. சிவப்பு, கறுப்பு வகை கொஞ்சம் முரடு, 2 நிமிஷம் வைக்கலாம்.

அவசரப்பட்டு வால்வைத் திறப்பதுதான் எனக்குத் தெரிந்து பெரிய தப்பு. நுரையும் கஞ்சியும் வால்வு வழியாகப் பீய்ச்சி அடிக்கும். கை சுடும், சுவர் நனையும், வால்வும் அடைத்துக்கொள்ளும். உள்ளே விதைகள் மிச்சத் தண்ணீரை உறிஞ்சியும் இருக்காது. பத்து நிமிஷம் தானாக அடங்கட்டும். திறந்ததும் ஒரு விதையை எடுத்துப் பாருங்கள்: கண்ணாடி மாதிரித் தெளிந்து, ஓரத்தில் வெள்ளை நூல் ஒன்று வால்போலச் சுருண்டு பிரிந்திருந்தால் வெந்துவிட்டது. நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால், மூடியைப் போட்டு அந்தச் சூட்டிலேயே ஐந்து நிமிஷம் விடுங்கள். மறுபடி பிரஷர் ஏற்ற வேண்டாம்.

நுரைக்கிற சரக்கு என்பதால் பானையில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. ஒரு ஸ்பூன் எண்ணெய் நுரையை மட்டுப்படுத்தும்.

ஒருவருக்காக அரைக் கப் வைக்கும்போது வேறு சிக்கல். 6 லிட்டர் பானையில் அரைக் கப் தண்ணீர் நீராவி கட்டப் போதாது, அடி பிடிக்கும், மெஷின் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். நம் பருப்புக் கிண்ண முறைதான் இதற்கு வழி: பானையில் குறைந்தது ஒரு கப் தண்ணீர், அதில் ஸ்டாண்டு, மேலே சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கினோவாவும் அதற்கான தண்ணீரும். இப்படி வைத்தால் சூடு மெதுவாக ஏறும். எனக்கு 4 நிமிஷம் சரியாக வருகிறது.

முதலில் வறுத்துவிட்டு வைப்பவர்கள், தண்ணீர் ஊற்றியதும் அடியை ஒருமுறை சுரண்டிவிடுங்கள். ஒட்டியது அப்படியே இருந்தாலும் அதே எச்சரிக்கைதான்.

சமையல் முடிந்ததும் பல மெஷின்கள் தானாகவே ‘கீப் வார்ம்’ போட்டுக்கொள்ளும். அதை அணைக்க மறந்தால் மேலே குழையும், அடியில் காய்ந்து பிடிக்கும். எலுமிச்சை சாதம் மாதிரி தாளிப்பதென்றால், முள்கரண்டியால் உதிர்த்து, அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்ட பிறகு கிளறுங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்தது என்றால் இன்னும் பொலபொலவென்று வரும்.