அரிய பெண்பெயரின் பொருளையும் வேரையும் தேடுவது எப்படி: ‘பரவை’யை முன்வைத்து

பெண் குழந்தைக்கு யாரும் வைக்காத தமிழ்ப் பெயராக வேண்டும் என்று விரும்புவோர் பெரும்பாலும் இணையத்தில் உள்ள பெயர்ப் பட்டியல்களில்தான் தொடங்குகிறார்கள். அந்தப் பட்டியல்களில் பாதிப் பெயர்களுக்கு ‘அழகு’ என்றும் மீதிப் பெயர்களுக்கு ‘லட்சுமியின் மறுபெயர்’ என்றும் பொருள் எழுதியிருக்கும். எந்த நூலிலிருந்து, எந்த வேரிலிருந்து என்ற விவரம் இராது. ஒரு பெயரை நாமே ஆராய்ந்து தெளிவது அவ்வளவு கடினமான வேலையன்று. அதற்கான வழியை, இன்று மிக அரிதாகிவிட்ட ‘பரவை’ என்ற பெயரைக் கொண்டே காட்டுகிறேன்.

முதலில் எழுத்தைச் சரிபார்க்க வேண்டும். பரவை வேறு, பறவை வேறு. இடையின ரகரமும் வல்லின றகரமும் மாறினால், கடலைக் குறிக்கும் பரவை புள்ளைக் குறிக்கும் பறவையாகிவிடும். ரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படுவதால், அவ்வெழுத்தில் தேடுபவருக்குக் கிடைக்கும் பொருள் எந்தச் சொல்லுக்குரியது என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே தேடலைத் தமிழ் எழுத்திலேயே நடத்துங்கள். ல, ள, ழ வரும் பெயர்களுக்கும் ந, ன, ண வரும் பெயர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அடுத்து அகராதி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இன்று இணையத்திலேயே கிடைக்கிறது. அதில் பரவை என்ற சொல்லுக்குப் பரப்பு, கடல் ஆகிய பொருள்களைக் காணலாம். பரந்து கிடப்பதால் கடல் பரவை ஆயிற்று. வேர் தமிழுக்குரியதுதானா என்ற ஐயம் எழுந்தால், மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் தொகுத்து 1961-இல் முதற்பதிப்பும் 1984-இல் இரண்டாம் பதிப்பும் கண்ட திராவிட வேர்ச்சொல் அகராதியைப் புரட்டுங்கள். தமிழில் ‘பர’ என்றும், தெலுங்கில் ‘பரச்சு’ என்றும், பகரம் ஹகரமாக மாறிய கன்னடத்தில் ‘ஹரடு’ என்றும், விரித்தல், பரவுதல் என்ற பொருளில் ஒரே குடும்பச் சொற்கள் வழங்குவதைப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். பரவுதல் என்பதற்குப் போற்றுதல் என்ற பொருளும் உண்டு. ஆனால் அதைப் பெயருக்கு ஏற்றிச் சொல்வது நம் விருப்பமே தவிர அகராதியின் தீர்ப்பு அன்று.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். என் கருத்தில் உண்மையான வேலை இதற்குப் பின்னரே தொடங்குகிறது. ஏனெனில் சொல்லின் பொருள் ஒன்று, அச்சொல்லைப் பெயராகத் தாங்கியவர்களால் அதற்கு வந்து சேர்ந்த பொருள் இன்னொன்று. பரவை என்றதும் சைவ இலக்கியம் அறிந்தவர் மனத்தில் தோன்றுவது கடலன்று, திருவாரூரில் சுந்தரரை மணந்த பரவை நாச்சியார்தான். குண்டையூரில் பெற்ற நெல்லைத் திருவாரூருக்கு எடுத்துச் செல்ல ஆள் வேண்டும் என்று திருக்கோளிலிப் பதிகத்தில் இறைவனிடம் கேட்கும் சுந்தரர், பரவை பசியால் வருந்துவதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். பின்னர், சங்கிலியாரை மணந்துவிட்டுத் திரும்பிய கணவர்மேல் பரவையார் ஊடல் கொண்டபோது, அவரைத் தணிக்கச் சிவபெருமானே தூது நடந்ததாக 12-ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் விரிவாகப் பாடுகிறது. கடவுளையே இருமுறை வீட்டு வாசலுக்கு நடக்க வைத்தவர் என்ற பெருமை எல்லாப் பெயர்களுக்கும் வாய்ப்பதில்லை.

இலக்கியத்தோடு கல்வெட்டையும் ஒப்பிட வேண்டும். முதலாம் இராசேந்திர சோழனின் அணுக்கியாரான, அதாவது நெருங்கிய துணைவியான, பரவை நங்கையார் திருவாரூர்க் கோயிலுக்குப் பொன் வேய்ந்ததை அக்கோயிலின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகிறது; அரசனும் அவரும் நின்ற இடத்தைக் காட்டும் குத்துவிளக்கைப் பற்றியும் அது பேசுகிறது. ஆகவே இது புராணத்தில் மட்டும் வாழ்ந்த பெயரன்று என்பது உறுதியாகிறது. சோழர் காலத்துப் பெண்பெயர்களைத் தேடுவோர், தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயர்களை வீட்டு வரிசையோடு பட்டியலிடும் கல்வெட்டைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

சான்றின் காலத்தைக் கவனிப்பது முக்கியம். பாரியின் பெண்கள் அங்கவை, சங்கவை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; புறநானூற்றின் 112-ஆம் பாட்டைப் பாடியவர்களை அத்தொகை ‘பாரி மகளிர்’ என்று மட்டுமே குறிக்கிறது, பெயர்கள் பிற்கால நூல்களில் வருபவை. அதனால் அவை தாழ்ந்த பெயர்கள் ஆகிவிடா. ‘சங்ககாலப் பெயர்’ என்று அழைப்பிதழில் அச்சிடுவதற்கு முன் யோசிக்க வேண்டும், அவ்வளவே.

இறுதியாக, பெயர் இன்று எவ்வளவு வழங்குகிறது என்ற கேள்வி. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பிறப்புகளுக்குரிய பெயர் எண்ணிக்கையை வெளியிடுகிறது. ஓராண்டில் ஐந்துக்கும் குறைவாக வைக்கப்பட்ட பெயர்களை அதில் சேர்ப்பதில்லை. இந்தியாவில் அப்படி ஆண்டுப் பட்டியல் வெளியிடும் வழக்கம் இல்லாததால், நாம் சுற்று வழியில்தான் செல்ல வேண்டும். வாக்காளர் பட்டியல் ஓரளவு உதவும். ஆனால் அதில் இருப்போர் 18 வயது நிறைந்தவர்கள் என்பதால், அது காட்டுவது முந்தைய தலைமுறையின் விருப்பத்தையே. இப்போதைய நிலைக்குத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களைக் கேட்பது மேல். தேடுபொறி காட்டும் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள்: மதுரைக்கு அருகே பரவை என்றே ஓர் ஊர் இருக்கிறது, நாட்டுப்புறப் பாடகர் பரவை முனியம்மாவின் பெயருக்கு முன்னால் நிற்பதும் அந்த ஊரே.

இவ்வளவையும் செய்ய அவகாசம் உண்டா என்றால், உண்டு. பெயரின்றிப் பதிவான பிறப்பில் 12 மாதங்களுக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. சேர்க்கும் நாளில், படிவத்தில் ‘பறவை’ என்று எழுதிவிடாமல் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.