கண்வலிக் கிழங்கு: நுனி பத்திரம்

மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு இது கண்வலிக் கிழங்கு. மாநிலப் பூவான செங்காந்தளும் இதுவும் ஒன்றுதான் என்றால் அம்மா இன்னும் நம்புவதில்லை. அப்பா விதைக்காகப் போட்டார். கோல்ச்சிசின் என்கிற மருந்துச் சரக்கு எடுக்க அந்த விதை போகும். நான் கோவை வீட்டு வேலியில் வைத்திருப்பது தேன்சிட்டுக்கும் பட்டாம்பூச்சிக்கும்.

முதலில் விஷம். கிழங்கு, இலை, விதை எல்லாமே ஆளைக் கொல்லும். கையுறை போட்டுத் தொடுங்கள். சின்னப் பிள்ளைகளோ ஆடோ இருக்கிற வீடென்றால் வேண்டவே வேண்டாம்.

கிழங்கு கலப்பை மாதிரி இரண்டு கையாக வளைந்திருக்கும். முளை கை நுனியில் மட்டும்தான். நுனி ஒடிந்தால் அந்தக் கை வீண். ஊரிலிருந்து நாலு கிழங்கைச் சாக்குப் பையில் திணித்து வந்து மூன்றைப் பறிகொடுத்தவன் சொல்கிறேன். 50, 60 கிராம் எடை இருப்பதாகப் பாருங்கள். விதை போட்டால் பூப் பார்க்க மூன்று, நான்கு வருஷம் ஆகும்.

ஆனி, ஆடியில் நடலாம். செம்மண், மணல், மட்கிய எரு. நாலு விரற்கடை ஆழத்தில் படுக்க வைத்து மூடுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். இலை நுனியே சுருண்டு பிடித்து ஏறுகிற கொடி இது. தடித்த மூங்கில் அதற்குப் பிடிபடாது. தோட்டத்தில் கிளுவை முள்ளில் ஏற்றுவோம். இங்கே காய்ந்த துவரை மிளாறு.

பூவைக் கவனித்துப் பாருங்கள். இதழெல்லாம் மேலே மடங்கி நிற்க, சூல்தண்டு மட்டும் செங்கோணமாக ஒரு பக்கம் விலகியிருக்கும். தன் மகரந்தம் தன் மேல் எளிதில் படாது. அதனால்தான் விடிந்ததும் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைப்போம். பள்ளிக்கூடம் போகும்முன் இரண்டு வரிசை என் பங்கு. இப்போது அந்த வேலையைச் சிட்டின் தலையும் பட்டாம்பூச்சி இறக்கையும் பார்த்துக்கொள்கின்றன. காய் குறைவுதான், எனக்கென்ன?

அவை வர வேண்டுமானால் மருந்தடிக்காதீர்கள். கறுப்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு இலையைத் தின்னும். பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

மார்கழி, தையில் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். செத்ததென்று பிடுங்காதீர்கள், தண்ணீரும் விடாதீர்கள். கிழங்கு உள்ளே தூங்குகிறது. நட்ட இடத்தில் உடைந்த ஓடு ஒன்றைச் செருகி வையுங்கள். போன வைகாசியில் வேலிக்கால் ஊன்ற வந்தவர் கடப்பாரையை நேராக அதன் மேலேயே இறக்கினார்.