க்ரூஸ் கப்பலில் போய், தனியாக நயினாதீவு பார்த்துத் திரும்புவது எப்படி? வேலூர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு க்ரூஸ் கப்பல் ஓடத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்கள். இதில் காங்கேசன்துறை யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் இருக்கிறது. கப்பல் அங்கே நிற்கும் பகலில் டூர் பஸ்ஸில் ஏறாமல், நாமே வண்டி பிடித்து, படகேறி, நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசித்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். நான் அம்மாவோடும் சித்தப்பாவோடும் போய் வந்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் எடுப்பது, கேபின் புக் செய்வதெல்லாம் இதில் இல்லை. நம் வேலூர் தலைமைத் தபால் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது, போய் விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போக என் ஓட்டு ரயிலுக்குத்தான். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அங்கிருந்து துறைமுகம் பக்கம். பெட்டியோடு பஸ்ஸில் போய், ஊருக்கு வெளியே இறங்கி, மறுபடி வண்டி தேடுவது தேவையில்லாத அலைச்சல்.

படி 1: கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்

வழித்தடம் சீசனுக்கு சீசன் மாறும். ஆகவே உங்கள் பயணத்தில் காங்கேசன்துறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து மெயிலில் கேட்க வேண்டியவை: எத்தனை மணிக்கு இறங்க விடுவீர்கள்? எத்தனை மணிக்குள் திரும்ப ஏற வேண்டும்? டூர் வாங்காதவர்கள் தனியாக வெளியே போகலாமா? இலங்கை இ.டி.ஏ. அனுமதியை (பயணத்துக்கு முன்பே ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதி) நீங்கள் எடுப்பீர்களா, நாங்கள் எடுக்க வேண்டுமா? கப்பல் கரையில் கட்டுமா, தள்ளி நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்குமா?

போனில் “அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்” என்று சொன்னால் சரி என்று விட்டுவிடாதீர்கள். பதில் மெயிலில் வர வேண்டும். இ.டி.ஏ.வை நீங்களே எடுப்பதாக இருந்தால், இலங்கை அரசின் தளமா என்று முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்கும் தனியார் தளங்கள் தேடலில் முன்னால் வந்து நிற்கும்.

படி 2: நேரக் கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள்

கப்பலின் டூர் பஸ் தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

உதாரணத்துக்கு, கப்பல் காலை 8 மணிக்கு வருகிறது, மாலை 4.30க்குள் ஏறியாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துறைமுக வாசலுக்கு 3.30க்கே வந்துவிட வேண்டும். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் நகரம் ஏறத்தாழ 20 கி.மீ., அங்கிருந்து குறிகட்டுவான் படகுத்துறை இன்னும் 30 கி.மீ.க்கு மேல். ஆக ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். கொஞ்சம் கைவசம் வைத்துக்கொண்டால் குறிகட்டுவானை விட்டு 1.45க்குக் கிளம்ப வேண்டும். படகு சுமார் 20 நிமிடம், அது கிளம்பக் காத்திருப்பது அரை மணி. அப்படியென்றால் 12.45க்கு நீங்கள் தீவின் படகுத்துறையில் நிற்க வேண்டும்.

இப்போது முன்பக்கம். குடிவரவு முடிந்து வாசலுக்கு வர 9.15, குறிகட்டுவான் 10.45, படகு 11.15, தீவு 11.35. கையில் இருப்பது ஒரு மணி பத்து நிமிடம். தரிசனத்துக்குத் தாராளம், சுற்றிப் பார்க்கக் கொஞ்சம் இடிக்கும்.

கப்பல் நிற்கும் நேரம் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு என்றால் நயினாதீவை விட்டுவிடுங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கீரிமலை கேணியும் நகுலேஸ்வரம் சிவன் கோவிலும் இருக்கின்றன, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலும் இருக்கிறது. அவற்றைப் பார்த்துவிட்டு நல்லூர்க் கந்தன் கோவில் வரை போய் வந்தாலே நிறைவான பகல்தான்.

நல்ல வேளையாக, கடிகாரத்தை மாற்றும் வேலை கிடையாது. இலங்கை நேரம் 2006லிருந்து நம் நேரம்தான்.

படி 3: வண்டியை ஊரிலிருந்தே பேசி வையுங்கள்

கார் அல்லது வான். ஆட்டோ வேண்டாம். அத்தனை தூரம் ஆட்டோவில் குலுங்கிப் போனால் அம்மாக்களின் இடுப்பு தாங்காது. பஸ்ஸும் வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு நேரடி பஸ் உண்டு, மலிவும்கூட, ஆனால் கப்பல் நேரம் பஸ்ஸுக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் தங்கும் விடுதிகள் பலவும் வண்டி ஏற்பாடு செய்து தருகின்றன. இரண்டு மூன்று இடங்களில் வாட்ஸ்அப்பில் விசாரித்து, காத்திருப்பு உட்பட மொத்தத் தொகையை இலங்கை ரூபாயில் பேசுங்கள். “ஃபுல் டே” என்ற பேச்சை ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை மணிக்குத் துறைமுக வாசலில் விட வேண்டும் என்பதை எழுதி அனுப்பி, “ஓம்” (அங்கே ஆமாம் என்று அர்த்தம்) என்று பதில் வாங்குங்கள்.

எங்கள் டிரைவர் அருமையான மனிதர். வேலூர் என்றதும், “வேலூரோ? எங்கட பெரியம்மாவை ஆபரேஷனுக்கு சி.எம்.சி.க்குத்தானே கொண்டுபோனவை” என்று ஆரம்பித்து, காந்தி ரோடு லாட்ஜ் வாடகை வரைக்கும் பேசினார். பதிலுக்குச் சித்தப்பா, கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வெள்ளைக்காரன் நம் கோட்டையில் சிறை வைத்ததையும், 1832ல் இறந்த அவருடைய சமாதி பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் இருப்பதையும் சொல்லிக்கொண்டே வந்தார். இந்தப் பேச்சில், யாழ்ப்பாணம் நகரத்தைத் தீவுகளோடு இணைக்கும் பண்ணைப் பாலம் வந்ததே தெரியவில்லை. அதற்கப்புறம் அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று ஒவ்வொரு ஊராகச் சாலை கோத்துக்கொண்டு போகும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கடல். போட்டோ எடுக்க ஆசை வரும். போகும்போதே எடுத்துவிடுங்கள், திரும்பும்போது வண்டியை நிறுத்தாதீர்கள்.

படி 4: காசும் போனும்

ரிசர்வ் வங்கி விதிப்படி 2020லிருந்து புது டெபிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்துத்தான் வருகிறது. வங்கி ஆப்பில் போய் நீங்கள்தான் அதை இயக்க வேண்டும். காட்பாடியில் ரயில் ஏறும் முன்பே செய்துவிடுங்கள், கப்பலில் ஓ.டி.பி. வரும் என்று நம்ப முடியாது. வழியில் யாழ்ப்பாணம் நகரில் ஏ.டி.எம். பார்த்து நிறுத்தச் சொல்லி இலங்கை ரூபாய் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் யு.பி.ஐ. வந்துவிட்டது, பெரிய கடைகளில் முயன்று பார்க்கலாம். படகுக்குச் சில்லறைதான்.

கப்பல் ஏறியதும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் போன் தானாக ஒட்டிக்கொண்டால் பில் எகிறும். கூகுள் மேப்ஸில் யாழ்ப்பாணம் மாவட்டத்தை ஆஃப்லைனாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் பார்க்க விண்டி (Windy) ஆப். மழை வருமா என்று சொல்லும் சாதாரண வானிலை ஆப்கள் இதற்கு உதவாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று பலமாக வீசும், மழை ஒரு துளி இல்லாவிட்டாலும் அலை படகை ஆட்டிவிடும்.

படி 5: குறிகட்டுவான் – பலரும் தடுமாறும் இடம்

ஒரே துறையிலிருந்து இரண்டு பக்கம் படகு போகிறது. ஒன்று நயினாதீவு. இன்னொன்று நெடுந்தீவு, அது ஒரு மணி நேரக் கடல் பயணம், ஒரு நாளைக்குச் சில படகுகள்தான். தவறிப்போய் அதில் ஏறினால் அன்று கப்பலைப் பிடிக்க முடியாது. பலகையைப் படித்தோம், கூட்டத்தோடு போனோம் என்று ஏறாதீர்கள். காலை வைப்பதற்கு முன் படகுக்காரரிடமே “நயினாதீவுதானே?” என்று கேளுங்கள். நெடுந்தீவில் டச்சுக் கோட்டையும், காட்டுக் குதிரைகளும், பெருக்கு (பாவோபாப்) மரமும் உண்டு. க்ரூஸ் பயணத்தில் அந்த ஆசை வேண்டாம், அதற்குத் தனியாக விமானத்திலோ நாகப்பட்டினம் கப்பலிலோ வரலாம்.

நேர அட்டவணை இருந்தாலும், கூட்டத்தைப் பொறுத்துப் படகு முன்னே பின்னே கிளம்பும். பாகாயம் ஷேர் ஆட்டோவில் ஆள் சேரும்வரை உட்கார்ந்திருக்கிறோமே, அதே கதைதான். அதனால்தான் மேலே காத்திருப்புக்கு அரை மணி வைத்தேன்.

படகுகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. குனிந்து, படியிறங்கி, உள்ளே பலகையில் உட்கார வேண்டும். உள்ளே புழுக்கம், டீசல் வாசனை. வாந்தி வரும் என்பவர்கள் மாத்திரையைக் குறிகட்டுவானில் தேடாமல், கப்பலிலேயே காலைச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் கொடுப்பார்கள். 20 நிமிஷம்தானே என்று மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம், மாட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் முக்கியமான இன்னொன்று. நயினாதீவில் இரண்டு படகுத்துறைகள். ஒன்று நாகபூசணி அம்மன் கோவிலுக்கு நேர் முன்னால், மற்றது சற்றுத் தள்ளி நாகவிகாரை என்ற பௌத்த விகாரைக்கு முன்னால். நடந்தே போய்விடும் தூரம்தான். கோவிலுக்கு வந்த பலர் அப்படியே விகாரையையும் பார்த்துவிட்டு, இறங்கிய இடத்துக்குத் திரும்புவதா, இங்கேயே ஏறுவதா என்று தெரியாமல் வெயிலில் இங்கும் அங்கும் நடக்கிறார்கள். அந்த நடையில் ஒரு படகு போய்விடும். இறங்கும்போதே படகுக்காரரிடம், “அடுத்த படகு எத்தனை மணிக்கு? எந்தத் துறையில்?” என்று இரண்டையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னதைக் கரையில் கடை வைத்திருப்பவரிடமும் ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள். நாங்கள் கேட்டபோது கடைக்கார அம்மா, “அவன் அப்பிடித்தான் சொல்லுவான், நீங்கள் பத்து நிமிசம் முன்னமே வந்து நில்லுங்கோ” என்றார். படகும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தது.

படி 6: தீவில்

படகை விட்டு இறங்கினால் எதிரே கோபுரம். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வேட்டி நல்லது, அரைக்கால் டவுசர் வேண்டாம். உள்ளே போட்டோ எடுக்காதீர்கள். நம் ஜலகண்டேஸ்வரர் கோவிலில் எப்படி இருப்பீர்களோ அப்படியே இருந்தால் போதும்.

மேலே போட்ட கணக்குப்படி போனால் மதியப் பூஜை நேரத்துக்கு ஒட்டி இருப்பீர்கள். பூஜை முடிந்து அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் சோறு போடுவார்கள். கடிகாரத்தைப் பாருங்கள்: 12.20க்குள் இலை கிடைத்தால் உட்காருங்கள். இல்லையென்றால் உண்டியலில் போட வேண்டியதைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். கப்பலில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

படி 7: திரும்புதல்

கடைசிப் படகு மாலை வரை இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அது ஊர்க்காரர்களுக்குப் பயன்படும் தகவல். உங்களுக்கான படகு, கணக்குப்படி நீங்கள் பிடிக்க வேண்டிய படகுக்கு முந்தைய படகு. கப்பல் அட்டையையும், பாஸ்போர்ட் அல்லது கப்பலில் தந்த அனுமதிச் சீட்டையும் பைக்குள் பையாக வைக்காமல் கழுத்துப் பையில் வையுங்கள், வாசலில் மறுபடி கேட்பார்கள். துறைமுக முகவரின் (அங்கே கப்பல் கம்பெனிக்காக வேலை பார்ப்பவர்) போன் எண் கப்பல் தரும் தினசரித் தாளில் இருந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் டயர் பஞ்சரானால் கூப்பிட வேண்டிய எண் அதுதான்.

பின்சேர்க்கை 1: ஆனி மாதத்தில் போகலாமா என்று குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அம்மனின் ஆண்டுத் திருவிழா அப்போதுதான், தேரும் தீர்த்தமும் பௌர்ணமியை ஒட்டி வரும். படகுகள் நிறைய ஓடும், ஆனால் வரிசை அதைவிட நீளம். கப்பல் பயணிகள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

பின்சேர்க்கை 2: முட்டி வலி உள்ளவர்களை அழைத்துப் போகலாமா என்று பலர் கேட்கிறீர்கள். கோவிலுக்குள் சிரமமில்லை. படகில் ஏறி இறங்குவதுதான் பாடு, படகு ஆடும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும். என் அம்மாவை இரண்டு பேர் கையைப் பிடித்துத்தான் இறக்கினார்கள். சக்கர நாற்காலி தேவைப்படுபவர்கள் கீரிமலை, நல்லூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3: உங்கள் கப்பல் காங்கேசன்துறைக்குப் போகாமல் திருகோணமலையில் மட்டும் நின்றால், அங்கும் பக்கத்தில் ஒரு தீவு உண்டு. ஊருக்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரைக்கு எதிரே, கரையிலிருந்து ஒரு கி.மீ. அளவில் இருக்கும் புறாத்தீவு. 2003லிருந்து தேசியப் பூங்கா, பவளப் பாறைகளும் மீன்களும் பார்க்கலாம். நுழைவுச் சீட்டைக் கரையில் வாங்கிக்கொண்டு படகு பேச வேண்டும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும், ஆகவே ஜூன், ஜூலையில் போகிறவர்களுக்கு இதுதான் சுலபம். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள், துண்டு உடைத்துக்கொண்டு வருவதும் குற்றம். நேரக் கணக்கு மட்டும் அதே முறைதான், கடைசியிலிருந்து போடுங்கள்.