முற்றோதலில் உங்கள் வேண்டுதலுக்கும் ஓர் இடம்

திருவாசகம் முழுவதையும் கூடிப் பாடும் முற்றோதலில் 658 பாடல்களையும் ஒரே நாளில் முடிக்கும் அவசரத்தில் அவரவர் சொந்த வேண்டுதல் காணாமல் போய்விடுகிறது. அதனால் அதில் ஆசைப்பத்து என்ற பகுதி வரும்போது மட்டுமாவது வேகத்தைக் குறையுங்கள். அதன் பாடல்கள் ‘ஆசைப்பட்டேன் கண்டாய் அம்மானே’ என்றே முடியும். ஒவ்வொரு முறையும் அந்த அடிக்குப் பின் நாலைந்து மூச்சு விடும் நேரம் எல்லோரும் மௌனமாக இருக்கட்டும். அவரவர் ஏக்கத்தை மனதுக்குள் சொல்லிக்கொள்ளலாம்.

யாரையும் வாய்விட்டுச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். தானாக யாராவது பேசினாலோ அழுதாலோ அறிவுரை வேண்டாம், கூட உட்கார்ந்திருந்தால் போதும். கேட்டது எதுவும் அந்தக் கூடத்தைத் தாண்டக் கூடாது. இதில் கண்டிப்பாகவே இருங்கள்.

அப்புறம், முன்னின்று பாடுபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் அவர் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்.