காட்சிக்குப் போகும் ஆர்க்கிட்டைத் திருப்பாதீர்கள்

டர்பன் ஆர்க்கிட் நண்பர்களே, மாதக் காட்சிக்கு ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட்டைக் கொண்டுபோகிறீர்களா? பூத்தண்டில் மொட்டு தெரிந்த நாளிலிருந்து தொட்டியைத் திருப்பவே கூடாது. மொட்டுகள் வெளிச்சம் வரும் பக்கம் பார்த்தே முகம் அமைத்துக்கொள்கின்றன. நடுவில் திருப்பினால் ஒரு பூ கிழக்கே பார்க்கும், மற்றொன்று மேற்கே பார்க்கும். நடுவர்கள் வடிவம், நிறத்தோடு பூக்கள் அடுக்கி நிற்கும் ஒழுங்கையும் பார்த்துத்தான் மதிப்பெண் தருகிறார்கள். ஜன்னல் பக்கமாகத் தொட்டியில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தண்ணீர் ஊற்ற எடுத்தாலும் பழையபடியே வைத்துவிடலாம்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது. பூஜைக்கு வாங்கிய வாழைப்பழச் சீப்பை ஆர்க்கிட் இருக்கும் அறையில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் வெளியிடும் எத்திலீன் வாயு மொட்டுகளை மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். விரிந்த பூவையும் சீக்கிரம் வாட்டிவிடும். ஒரு தீபாவளி வாரத்தில் விரியவிருந்த ஐந்து மொட்டுகளை நான் இப்படித்தான் இழந்தேன், இன்றும் மனம் ஆறவில்லை. காரிலும் பழக்கூடையும் செடியும் சேர்ந்து போக வேண்டாம்.

காட்சிக்கு முன், தண்ணீர் காய்ந்து இலையில் படிந்த வெள்ளைக் கறையை எலுமிச்சைச் சாறு நனைத்த துணியால் துடைத்தால் போதும். செடியின் பெயர்ச்சீட்டு தொட்டியிலேயே இருக்கட்டும்.